கியர் ராடும் ஒரு ‘ங்க’வும்

கோவை ஆர்.எஸ்.புரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் நம் மின்னஞ்சல் குழுவுக்கு அடிக்கிறேன்.

என் புது ஜீப்பில் மூன்றாவது கியர் தானாக நழுவுகிறது என்று ஏற்கெனவே மூன்று தடவை ஷோரூமுக்குப் போய்விட்டேன். சர்வீஸ் மேனேஜர் தங்கமான மனிதர். டீ வரவழைத்து, “புது வண்டிங்க, ஓட்ட ஓட்ட செட் ஆயிருமுங்க” என்பார். அத்தனை ‘ங்க’ போடுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

இன்றைக்கு அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

“ஒண்ணுமே இல்லீங்களே” என்று சிரித்தபடி மூன்றாவது கியரைப் போட்டார். ராடு கழன்று கையோடு வந்துவிட்டது. பின்னால் ஊட்டி பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது.

“அட கருமமே, என்ன எழவு வண்டி இது” என்று கத்தினார்.

ஒரு ‘ங்க’ கூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? வண்டியை ஓரங்கட்டியதும், “ஓட்ட ஓட்ட செட் ஆயிருமுங்க” என்றேன்.

கியர்பாக்ஸையே மாற்றித் தருகிறாராம். மேட்டுப்பாளையம் ரோட்டில் கழன்று விழுந்த அந்த ‘ங்க’ யார் கண்ணிலாவது பட்டால் எழுதுங்கள், அவரிடமே மாட்டிவிடலாம்.