டிரினிடாட் பெட்ரோலும் எங்கள் வீட்டு ஸ்டவ்வும்

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. அப்போது உத்திரமேரூரில் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தேன். அடுப்புப் புகையே ஆகாது, மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

என் கணவர் நான் எதைக் கேட்டாலும் மறுக்காத மனுஷர். ஆனால், "ஸ்டவ் மட்டும் வாணாம்" என்றார். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது விறகடுப்பின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து சமையல் அவருடையது. சமைத்து வைத்துவிட்டுத்தான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவார்.

"இன்னா டீச்சரம்மா, உங்க வூட்ல ஆம்பளதான் சோறாக்குறாராமே?" என்று கிணற்றடியில் கேட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் விறகெல்லாம் நனைந்துபோனது. ஊதி ஊதி அவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குப் புகை ஆவாதுன்னு நீங்க புகையில உக்காந்துகினு கீறீங்க. ஸ்டவ் மேல அப்படி இன்னாங்க கோவம்?"

ஊதுகுழலைக் கீழே வைத்தார். உலக யுத்தச் சண்டைக் காலத்தில் அவர் கப்பலில் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"டிரினிடாட்னு ஒரு தீவு, அமெரிக்கா பக்கம். கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல் எடுக்கிற ஆலை அங்க கீது. ராவும் பகலும் நிக்காது. சண்டை போடற ஏரோப்ளேனுக்கு அங்கேருந்துதான் பெட்ரோல் போவும். அத்த நிறுத்திட்டா ஏரோப்ளேன் பறக்க முடியாதில்ல? அதான் ஜெர்மன்காரன் நீர்மூழ்கிக் கப்பல்ல வந்து துறைமுகத்துக்கு வெளியவே காத்துக்கினு இருப்பான்."

அந்தத் துறைமுகத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெட்ரோல் ஏற்றிய அவர் கப்பல் காலையில் கிளம்பிப் போவதை வராந்தாவில் நின்று பார்த்தாராம்.

"சாயங்காலம் வானம் செவப்பா கீது. சூரியன் மறையற பக்கம் இல்ல அது. ஒருத்தனும் திரும்பி வரல."

"அப்புறம்?"

"காய்ச்சல் வுட்டதும் வேற கப்பல்ல ஏத்திட்டாங்க. அதுலயும் பெட்ரோல்தான். ஆள் இல்லன்னா கப்பல் போவாதே. சண்டை முடியற வரைக்கும் அத்து மேலதான் படுத்துத் தூங்கினேன். விளக்கும் விறகும் சும்மா எரியும். ஸ்டவ்வு பம்ப் அடிச்சதும் குப்புனு எழும்புது பாரு, அத்த என்னால பாக்க முடியல."

"வாணாங்க. விறகே போதும்" என்றேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினார். பழைய பேப்பரில் சுற்றிய ஸ்டவ்வோடு திரும்பி வந்தார். தோட்டத்துத் தாழ்வாரத்தில் வைத்து நான் பற்றவைத்தேன். மஞ்சள் ஜுவாலை எழும்பியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து போகவில்லை. தீ நீலமாக அடங்கிய பிறகு மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அரிசி கொதிக்கும்போது தானாகவே பேச ஆரம்பித்தார். அந்தக் கப்பலோடு போனவர்களைப் பற்றி. வங்காளத்து நவகாளிக்காரர் ஒருவர் நன்றாகப் பாடுவாராம். இன்னொருவர் தன் பங்கு மீனை இவருக்கே எடுத்து வைப்பாராம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்ததில் ஸ்டவ்வை அணைக்க மறந்துவிட்டேன்.

சாதம் குழைந்துவிட்டது. அப்படியே போட்டுச் சாப்பிட்டோம்.