குக்கருக்குத் தடை போட்ட ஞாயிற்றுக்கிழமை

கம்ப்யூட்டருக்குக் காது கேட்கும், பக்கத்தில் யாராவது பேசினால் அது குழம்பிவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் மனதார நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. சனத்நகரில் ஒரு பொதுத்துறை ஆலையின் ஸ்டோர்ஸில் பதினெட்டு வருட சர்வீஸ். இதையெல்லாம் நம்புகிற வயதில்லை. நம்பினேன்.

எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வரப்போவதாகவும், அது தெரிந்த ஒருவரை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு மற்றவர்களை வடக்கே புது யூனிட்டுக்கு அனுப்பப்போவதாகவும் பேச்சு. "யாருக்காவது பழக்கம் உண்டா?" என்று மேனேஜர் கேட்டபோது ஒரு கை உயர்ந்தது. யார் அந்த மேதாவி என்று பார்த்தால், என் கை.

மெட்ராஸ்காரரான அந்த மேனேஜர், மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரைச் சனிக்கிழமை என்னிடம் கொடுத்தார். கூடவே சாமான் பட்டியல் போடும் புரோகிராம் உள்ள கேசட். "திங்கட்கிழமை கொண்டாந்து ஓட்டிக் காட்டுங்க. ஓடினா நீங்க இங்கயே இருப்பீங்க" என்றார். ஓடாவிட்டால் வடக்கே என்று மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்பது வெறும் கீபோர்டுதான். டிவியில் மாட்டினால் எழுத்து தெரியும். டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு ஒயரை அதில் செருகி, கேசட்டை ஓடவிட்டால், ஐந்து நிமிடம் கீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் புரோகிராம். அது முழுசாக உள்ளே போக வேண்டும்.

முதல் தடவை மூன்றாவது நிமிடத்தில் அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. அதே நொடியில் டிவியில் 'பிழை' என்று ஆங்கிலத்தில் வந்தது. இரண்டாவது தடவை என் மகள் தும்மினாள். மறுபடியும் பிழை. இரண்டு சாட்சிகள் போதாதா? டேப் பாடுகிறது, பெட்டி கேட்கிறது, நடுவில் நாம் சத்தம் போடுகிறோம் என்று முடிவு கட்டினேன்.

குக்கருக்குத் தடை போட்டேன். ஃபேனை நிறுத்தினேன். மகளிடம் தும்மக்கூடாது என்றேன்.

"கைக்கு டாடி? அதுக்கு ஜலதோஷம் ஒட்டிக்குமா?" என்றாள் அவள். 'கைக்கு' என்றால் அந்த ஊர் உருதுவில் 'ஏன்'.

திருநெல்வேலிக்காரியான என் மனைவி மகளோடு சர்ச்சுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றாள். "ஏங்க, அது என்ன கைப்பிள்ளையா, சத்தம் கேட்டு முழிக்கதுக்கு? ஆராதனைக்கு வராம பெட்டிக்குக் காவல் இருக்கீயளாக்கும். அஞ்சு மணிக்குக் கொயர் பிராக்டிஸ். எனக்கு டேப் வேணும், சொல்லிட்டேன்."

அவர்கள் போனதும் மாடி வீட்டில் மிக்ஸி ஓடியது. ஏறிப்போய்க் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் சத்தம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என் முகத்தைப் பார்த்த மாடி வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "யாருக்காவது சீரியஸா?" என்று தெலுங்கில் கேட்டார். விளக்க நேரமில்லை. அந்த ஊர் வழக்கப்படி ஆமாமுக்கு "ஹவ்" என்றுவிட்டு இறங்கிவந்தேன்.

வீடு கல்லறைத் தோட்டம்போல் ஆகிவிட்டது. ஆனாலும் பிழை. சத்தமே இல்லாதபோது எது கெடுக்கிறது? நான் மூச்சு விடுவதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஓடவிட்டேன். ஐந்து நிமிடம் யாரால் முடியும்? சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்குள் வைத்தேன். தலையணைக்குள்ளிருந்தும் அது டிக் டிக் என்றது, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. மத்தியானத்துக்குமேல் எனக்கு எதன்மேல் சந்தேகம், எதன்மேல் இல்லை என்பதே தெரியவில்லை. அட்லஸை எடுத்து அந்தப் புது யூனிட் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அந்த ஊர் அட்லஸிலேயே இல்லை.

நாலரை மணிக்கு ஒன்பதாவது முறையாகக் கேசட்டை ஓடவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மாடி வீட்டுத் தம்பதி, ஒரு பை சாத்துக்குடியோடு. அந்த அம்மா படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "பேஷண்ட் எங்க?" என்றார். நான் டிவியைக் காட்டினேன். அவர் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கச் சொல்லி நான் சைகை காட்ட, அதைப் பார்த்து இன்னும் சிரித்தார். மத்தியானமே அம்மாவோடு சர்ச்சிலிருந்து திரும்பியிருந்த மகள் தும்மினாள். எல்லாம் போயிற்று என்று தலையில் கைவைத்தேன்.

அந்தக் கூச்சலுக்குள் மனைவி டேப்பை எடுக்க வந்தாள். வால்யூம் குமிழைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. கொயருக்காக அதில் எட்டாம் நம்பருக்கு நேரே நகப்பூச்சால் அவள் ஒரு புள்ளி வைத்திருந்தாள். நான் அதை இரண்டில் வைத்திருந்தேன். பெரிய இடத்துப் பெட்டி, அதன் காதருகே கத்தலாமா என்ற மரியாதை.

"யாரு இதக் கொறச்சது?" என்று கேட்டுக்கொண்டே, கேசட்டை முதலுக்குச் சுற்றிப் புள்ளிக்கு நேரே திருகினாள். "ஒரே ஒரு தடவ. அப்புறம் டேப் எனக்கு."

வீடே கிறீச்சிட்டது. சாத்துக்குடி உருண்டது. மாடி வீட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டு என்னென்னவோ சொன்னார். ஐந்து நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டிவியில் சாமான் பட்டியல் வந்து நின்றது.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் அது முதல் தடவையிலேயே ஓடியது. என்னை வடக்கே அனுப்பவில்லை. என்ன கோளாறு என்று அவர் கேட்டதற்கு, "சிக்னல் லெவல் சார்" என்றேன். நடந்தது இவ்வளவுதான்: சத்தத்துக்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை, புரோகிராம் ஒயர் வழியாகத்தான் போனது, வால்யூம் போதாமல் இருந்தது, என் மனைவி அதைக் கூட்டினாள்.