ஆகா என்றால் ஆள்காட்டி

பறவை பார்க்கிறவர்கள் பெயரை முழுசாக எழுத மாட்டார்கள். ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி நாலெழுத்தில் சுருக்கிவிடுவார்கள். ராணிப்பேட்டையில் என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டு வந்து, தங்கச்சியிடம் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

"இங்கிலீஷ்ல யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு ஆம்பூர் போய்டும். தமிழ்லயே வெச்சிக்கலாம்ணா" என்றாள்.

மாதனூரிலிருந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் போகிறவள் அவள். கம்பெனிக்குள் போன் எடுக்க முடியாது. பறவை பார்த்து எனக்கு மெசேஜ் போட, பஸ் பாலாற்றை ஒட்டிப் போகும் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு. சாம்பல் நாரை சாநா. நாமக்கோழி நாகோ. ஆள்காட்டி ஆகா. செந்நாரையும் செங்கால் நாரையும் ஒரே 'செநா'வில் முட்டிக்கொண்டபோது ஒரு வாரம் சண்டை. செங்கால் நாரை எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். விட்டுக்கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

காலையில் "ஆகா" என்று வரும். "எங்க?" என்பேன். "பாலத்தாண்ட" என்பாள். அதற்காகவே டீயை ஆறவிட்டுக் காத்திருப்பேன்.

போன வருஷம் அவளுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. வேலூரில் ஆபரேஷன். பிழைத்து வருவாளா என்ற பயத்தில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ, "வந்ததும் ஏரிக்குப் போலாம்ணா" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து, ஜன்னல் உள்ள வார்டுக்கு மாற்றினார்கள். அவள் புருஷன் போனைக் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டிலிருந்த எனக்கு வந்தது ஒரே வார்த்தை: "ஆகா."

எட்டிப் பார்த்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆகான்னு போட்டுக்கிறா பாரு. புள்ள தேறிட்டா."

நான் பழக்க தோஷத்தில் "எங்க?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. சாயந்திரம் அவள் புருஷன்தான் பேசினார். பேசினார் என்பதைவிட அழுதார். திடீரென்று மூச்சு நின்றுவிட்டதாம்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "கடைசியா ஆகான்னு சந்தோஷமாத்தான் போட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் திருத்தவில்லை. எந்த ஆகா என்று எனக்கும் தெரியாது. ஆள்காட்டி மொட்டை மாடியில்கூட முட்டை வைக்கும், ஜன்னலில் பார்த்திருக்கலாம். வலி குறைந்த நிம்மதியில் வெறும் ஆகா என்றும் சொல்லியிருக்கலாம். வராத செங்கால் நாரைக்காக ஒரு வாரம் சண்டை போட்ட நாங்கள், ஆகாவும் இப்படி முட்டிக்கொள்ளும் என்று யோசிக்கவே இல்லை.

போனில் அவள் பெயரைத் திறந்தால் கடைசியில் என் கேள்விதான் நிற்கிறது. எங்க?