ஓரிக்ஸ் மானுக்கு எந்தத் துவக்கு?

நமீபியாவில ஓரிக்ஸ் மான் வேட்டைக்குப் பெரிய 375 கலிபர் துவக்குத்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டன். பிராண்டே ஊர்த் தொழிற்சாலையில என்னோட வேலைசெய்யிற ஹென்ரிக் மறுத்துக் கதைக்கேல்லை. சுடுதளத்துக்குக் கூட்டிப்போய்த் தன்ர 375ஐத் தந்தான்.

நாலு வெடியும் இலக்கை விட்டு விலகிப் போச்சு.

"காத்து," எண்டன்.

அவன் துவக்கை வாங்கித் திருப்பித் தந்தான். ரவை போட்டிருக்கிறான் எண்டு நினைச்சு விசையை இழுத்தன். 'டிக்' எண்டு மட்டும் கேட்டுது. உள்ளுக்க ரவையே இல்லை. ஆனாலும் என்ர கையில குழல் துள்ளிக் கீழ சரிஞ்சுது. கண்ணை இறுக்கி மூடியிருந்தன்.

"துவக்கு தோளில உதைக்குமெண்டு பயப்பிடுறாய். குறி பிழைச்சு வயித்தில பட்டால் மான் நாள்முழுக்கத் துடிக்கும்," எண்டான் மெதுவாக.

உதை குறைஞ்ச சின்ன 308 துவக்கு வாங்கினன். நமீபியாவில ஓரிக்ஸ் ஒரே வெடியில விழுந்துது. அந்த 'டிக்'கைப் பற்றி ஹென்ரிக் தொழிற்சாலையில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான்தான் இப்ப சொல்லுறன்.