வால்டர் ரிம்கஸ் இரண்டு பேருக்குப் போட்ட கையெழுத்து

வால்டர் ரிம்கஸ் பத்தொன்பது ஆண்டுகளில் நாற்பத்தோரு வேட்பாளர்களைத் தேர்தலுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியவர். நாற்பது என்றுதான் அவர் சொல்வார். 1974இல் ஒரே நாளில் இருவர் விழுந்ததை ஒன்றாக எண்ணிவிட்டார். மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள எங்கள் நகரத்தின் தேர்தல் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆவணங்களைப் பார்த்துக்கொண்டவன் நான். வழக்கு எண்கள் என்னிடம் இருக்கின்றன.

கவுன்சிலர் தேர்தலில் நிற்க வார்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும். குறைந்தால் வாக்குச்சீட்டில் பெயர் வராது. ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்திடலாம். இருவருக்கு இட்டால் முந்தியது மட்டும் செல்லும். ரிம்கஸ் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து முடித்ததும் கட்சி அவருக்குக் கொடுத்த வேலை, எதிராளிகளின் தாள்களில் ஓட்டை தேடுவது. சமையலறையில் ஒருவரே உட்கார்ந்து குடும்பம் முழுவதற்கும் போட்ட கையெழுத்துகளை முகர்ந்தே கண்டுபிடிப்பார் என்பார்கள். அதற்குப் பரிசாக நகராட்சி வழக்கறிஞர் பதவி வந்தது. பிறகு தெருப் பராமரிப்பில் துணை ஆணையர். அந்த ஆறு குளிர்காலங்களில் பனி முதலில் அள்ளப்பட்ட தெருக்களைப் பார்த்தாலே கட்சிக்காரர்களின் வீடுகள் தெரிந்துவிடும். மேயர் மாறினார், வேலை போனது. ரிம்கஸ் ஒரு ரொட்டிக்கடை மாடியில் 'தேர்தல் ஆலோசகர்' என்று பலகை மாட்டினார்.

1990 நவம்பர் 14 அன்று அந்தப் படிகளில் ஏறியவர் பள்ளிச் செவிலி ஜோன் பெட்கஸ். பள்ளிக்கு எதிரே குப்பைக் கிடங்குக்கு அனுமதி கொடுத்த கவுன்சிலர் டூலனை எதிர்த்து நிற்க வேண்டும் என்றார். தேவை 312 கையெழுத்து. ரிம்கஸ் ஒப்புக்கொண்டார். ஜோன் 640 திரட்டி எங்கள் அலுவலகத்தில் கொடுத்தார். டூலனின் வக்கீல் டெரி மல்கேஹி ஆட்சேபணை எழுப்பினார். ரிம்கஸிடமே தொழில் கற்றவர் அவர். மூன்று நாள் வரி வரியாக அடித்து, மீதி சரியாக 312இல் வந்து நின்றது. விசாரணை அதிகாரி காபிக்குப் போனார்.

"முடிஞ்சுதா?" என்றார் ஜோன்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி," என்றார் மல்கேஹி. "பதினேழாம் தாள், ஒன்பதாம் வரி. படிங்க சார்."

ரிம்கஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான்தான் படித்தேன்: வால்டர் ரிம்கஸ், நவம்பர் 21. மல்கேஹி டூலனின் தாள் ஒன்றை நீட்டினார். அதிலும் வால்டர் ரிம்கஸ், நவம்பர் 9.

"டூலனுக்கா போட்டீங்க?" ஜோனின் குரல் உயர்ந்தது.

"நீங்க வர்றதுக்கு முந்திம்மா. வெள்ளிக்கிழமை லியோவோட பாருக்கு மீன் சாப்பிடப் போனேன், டூலன் தாள் கெடந்துச்சு. முப்பது வருஷப் பழக்கம், கை தானாப் போயிருச்சு. சத்தியமா மறந்தே போச்சு."

"முந்நூத்திப் பதினொண்ணு," என்றார் மல்கேஹி. "எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார்."

ரிம்கஸ் டூலனின் தாளை விளக்கருகே பிடித்தார். "டெரி, அடியில இருக்கற கையெழுத்து யாருது?"

"என்னுது."

"எல்லாரும் என் கண்ணு முன்னால போட்டாங்கன்னு சத்தியம் பண்ணியிருக்க. நான் போடறப்ப நீ எங்கப்பா இருந்த?"

மல்கேஹி தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"நான் சொல்றேன். தாள் உப்பு டப்பாவுக்கும் கடுகு ஜாடிக்கும் நடுவுல தனியாக் கெடந்துச்சு. லியோவக் கூப்பிடலாமா? இப்படி நீ சத்தியம் பண்ணின தாள் எத்தன?"

இருபத்தாறு. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பொய்ச் சத்தியம்னா உன் வக்கீல் தொழிலும் போகும், அந்தத் தாளெல்லாம் செல்லாம டூலன் பேரும் வாக்குச்சீட்டுலேர்ந்து போகும்," என்றார் ரிம்கஸ். "இல்லேன்னா அந்தக் கடைசி வரிய விட்டுரு."

11.20க்கு அதிகாரி திரும்பினார். 11.22க்கு அந்த ஆட்சேபணை திரும்பப் பெறப்பட்டது. ஜோன் பெட்கஸின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறியது.

வெளியே வந்ததும் ஜோன், "நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்," என்றார்.

"ஏம்மா? காப்பாத்திட்டேன்ல?"

"உங்களால போச்சு, உங்களாலயே வந்துச்சு. இன்னொரு தடவ என் நெஞ்சு தாங்காது."

ஒன்பதாம் நாள் டூலன் ரிம்கஸைத் தன் ஆலோசகராக வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஆள் எதிர்ப்பக்கம் இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். வாக்குச்சீட்டின் மாதிரியைச் சரிபார்க்க வந்த ஜோனிடம் செய்தியை நான் சொன்னேன்.

அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லதாப் போச்சு," என்றார். "இனிமே நெஞ்சு வலி டூலனுக்கு."