ஆறாவது ஸ்பீக்கர்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், வருந்தி அழைக்க மாட்டேன். நடந்தது நடந்ததுதான், எனக்கு நடந்தது. தூக்க மாத்திரை போடுகிறவள் இல்லை நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அடுத்தவரைக் கேலி செய்தே வளர்ந்தவள்.

செயற்கைப் பல் செட் செய்கிற கூடத்தில் எனக்கு வேலை. டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து மெழுகில் பல் அடுக்குவேன். பகல் முழுக்க அடுத்தவர் பல்லோடு குடித்தனம் நடத்துகிறவளைப் பல்லைக் காட்டி மிரட்ட முடியாது. என் கணவர் பல்லைக் காட்டவில்லை, கையைத்தான் காட்டினார். ஆறு வருஷம் பொறுத்தேன். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

என் அண்ணன்மார் இரண்டு பேரும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். தனியாக ஒரு பொம்பளை எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்று சின்னண்ணன் சிரித்தார். ஒரு மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகு நாங்களே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் விடுவோம் என்று பெரியண்ணன் தேதியே குறித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். போக மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

நாலாவது மாடியில் வீடு கிடைத்தது. வாடகை குறைவு. ஏன் குறைவு என்று புரோக்கரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரயில் பெட்டி மாதிரி நீளமான ஹால். ஒரு கோடியில் வாசல் கதவு, அதன் பக்கத்தில் டிவி. நடுவில் சோபா. சோபாவுக்குப் பின்னால் எட்டு அடி தள்ளி வெறும் சுவர், அதில் ஜன்னல்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. நாலு மாடி உயரம்.

கணவர் வீட்டில் ரிமோட் என் கைக்கு வந்ததே இல்லை. அதனால் என் வீட்டுக்கு நான் வாங்கிய முதல் பொருள் பாத்திரம் இல்லை, மெத்தை இல்லை. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், அதோடு ஐந்து ஸ்பீக்கரும், கனத்த சத்தத்துக்காகத் தரையில் வைக்கிற ஒரு வூஃபரும்தான். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்சுவரின் இரண்டு மூலையிலும் இரண்டு. வூஃபரைத் தனிக் கணக்காகத்தான் வைப்பார்கள். படம் எல்லாம் என் லேப்டாப்பில் இருந்தது.

லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டுகிற ஓட்டையில் ஒயரைச் செருகினேன். முன்னால் இருந்த இரண்டு மட்டும் பாடின. மற்றவை கல்யாணத்துக்கு வந்த கோபக்கார மாமா மாதிரி உம்மென்று உட்கார்ந்திருந்தன. விற்ற ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்த ஓட்டை வழியா ரெண்டு சத்தம்தான் போகும். எச்டிஎம்ஐ ஒயர் போடுங்க. அப்புறம் லேப்டாப் செட்டிங்ஸ்ல அஞ்சு ஸ்பீக்கர்னு மாத்துங்க."

மாற்றினேன். சோதனைச் சத்தம் இடது, நடு, வலது, பின் வலது, பின் இடது என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் வீடு, என் சத்தம்.

கடைக்காரர் ஒரு குட்டி மைக்கும் கொடுத்திருந்தார். அதை ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு முறை இரையும். எது எத்தனை அடி தூரம் என்று மைக் அளந்து டிவியில் காட்டும். அந்த நேரம் ஹாலில் யாரும் இருக்கக் கூடாது என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் அளவெடுத்தேன். சமையலறையில் நின்று கேட்டேன். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு... ஐந்து.

வூஃபரும் உறுமி ஓய்ந்தது. பிறகு இன்னொன்று இரைந்தது.

வந்து பார்த்தேன். ஐந்துக்கும் வூஃபருக்கும் தூரம் சரியாக இருந்தது. கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. பின் நடு: உண்டு. தூரம்: 12 அடி.

என்னிடம் பின் நடு என்று ஒரு ஸ்பீக்கரே இல்லை. பன்னிரண்டு அடி என்றால் சுவரைத் தாண்டி நாலு அடி. அங்கே காற்றுதான் இருக்கிறது.

கடைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. பழைய மெஷின், ஏதாவது ஒயர் தொட்டுக்கொண்டிருக்கும், அதை 'இல்லை' என்று மாற்றிவிட்டு நாளைக்கு மறுபடி அளந்து பாருங்கள் என்றார். மாற்றினேன். வியாழக்கிழமை அளந்தபோது மறுபடி 'உண்டு'. தூரம் ஒன்பது அடி.

வெள்ளிக்கிழமை எல்லா ஒயரையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஆறு அடி.

சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். யாரிடமாவது சொல்லலாமா என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அண்ணன்மார் காதுக்குப் போனால் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். பயந்துட்டா, பெட்டியைக் கட்டு என்பார்கள். பேய் வந்தால் இந்த ஒரு வீடுதான் போகும். அண்ணன்மார் வந்தால் என் உயிரே போகும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

அன்றைக்குப் படம் பார்த்தபோது, வசனம் நிற்கிற இடங்களில் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். படத்தை நிறுத்தினேன். மூச்சு நிற்கவில்லை.

நான் திரும்பவில்லை. "வாடகை கொடுக்கிறது நான். இருக்கணும்னா சத்தம் போடாம இரு" என்று சொல்லிவிட்டு வால்யூமைக் கூட்டினேன்.

சனிக்கிழமை. மறுநாள் அண்ணன்மார் வருகிற நாள். சாயங்காலம் ஏழு பத்துக்கு மைக்கை வைத்து அளவெடுத்தேன்.

பின் நடு: உண்டு. தூரம்: 2 அடி.

மைக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நானே உட்கார்ந்தேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உள்ளங்கை வேர்த்து ரிமோட் வழுக்கியது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆளாளுக்கு என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதற்கு நான் என்ன இளிச்சவாயா?

லேப்டாப்பில் எதுவும் ஓடவில்லை. மூடியே வைத்திருந்தேன்.

ஏழு இருபது. கழுத்துக்குப் பின்னால் மூச்சு... தலைமுடி அசைந்தது.

ரிமோட்டில் மெனுவைத் திறந்தேன். தூரத்தைக் கையாலும் மாற்றலாம். அம்புக்குறியை அழுத்தினேன். மூன்று அடி.

மூச்சு ஒரு அடி பின்னால் போனது.

நாலு. ஐந்து. அது போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருஷம் தொட விடாத ரிமோட். இப்போது ஒரு பேயையே தள்ளிக்கொண்டு போகிறேன்.

எட்டு அடியில் நின்றது. சுவர்.

"போ" என்றேன். அழுத்தினேன்.

ஒன்பது.

"வேண்டாம்..."

பெண் குரல். மெதுவான குரல்.

அப்போதுதான் இன்னொன்று கேட்டது. டக்... டக்... பின் இடது ஸ்பீக்கரில். ஷூ சத்தம். டக்... டக்... பின் வலதிலும்.

இரண்டு பேர். நடுவில் அவள்.

என் விரலை எடுத்துவிட்டேன். டிவியில் எண் நிற்கவில்லை.

பத்து.

"நான் வரல..."

பதினொன்று.

ஷூக்கள் நெருங்கின.

பன்னிரண்டு.

துணி கிழிகிற சத்தம். பிறகு அந்தக் குரல் பின்னால் போகவில்லை... கீழே போனது.

கீழே... கீழே...

தொம்.

வூஃபர் அதிர்ந்தது. தரை அதிர்ந்தது.

அமைதி.

டக்... டக்... ஷூக்கள் திரும்பின. பின் மூலைகளிலிருந்து முன்னால் வந்தன. ஒன்று என் இடது தோளைத் தாண்டியது. ஒன்று வலது தோளைத் தாண்டியது. அவசரமே இல்லாத நடை. முன் ஸ்பீக்கர்களில் ஏறி, வாசல் பக்கம் போய் நின்றுவிட்டன.

ஏழு இருபத்தாறு.

டிவியில் பின் நடு: இல்லை.

விளக்கை எல்லாம் போட்டுவிட்டு, விடிகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை. முதலில் அம்புக்குறியை அழுத்தியது என் விரல்தான். அது மட்டும் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

காலை பத்து மணிக்கு அண்ணன்மார் வந்தார்கள். ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள். அந்தத் தரையில் அதே டக்... டக்... சத்தம். ஒருவர் சோபாவுக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் நின்றார்கள். பெட்டியை எடு என்றார் பெரியண்ணன். மாப்பிள்ளையிடம் பேசியாகிவிட்டது, இனிமேல் அவர் ஒழுங்காக இருப்பார், நீயும் அனுசரித்துப் போ என்றார். எத்தனையாவது தடவை இந்த ஒழுங்கு என்று நான் கேட்கவில்லை.

திறந்திருந்த கதவில் மூன்றாவது மாடி அக்கா வந்து நின்றார். வயதானவர், தனியாக இருப்பவர். படியில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

"ஏம்மா, நேத்து சாயங்காலம் எதையாவது கீழ போட்டியா? எங்க வீட்டுல ஜன்னலே ஆடிச்சு."

என் முகத்தைப் பார்த்தார். பின்சுவரைப் பார்த்தார். பிறகு சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். அந்தச் சுவர் முன்பு சுவராக இல்லையாம். ஒரு கதவும், வெளியே நாலு அடிக்கு ஒரு பால்கனியும் இருந்தனவாம். புருஷனை விட்டுவிட்டு வந்த ஒரு பெண் இங்கே குடியிருந்தாளாம். பால்கனியிலிருந்து விழுந்து செத்தாளாம். வீட்டுக்காரர் பால்கனியை இடித்துவிட்டுச் சுவர் எழுப்பினாராம்.

"பாத்தியா பாப்பா" என்றார் சின்னண்ணன். "தனியா இருந்தா இதான் கதி."

"அவ தனியா இல்ல" என்றேன். "ரெண்டு பேர் கூட இருந்தாங்க. ஷூ போட்டிருந்தாங்க."

அக்கா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

பெரியண்ணன் என் கையைப் பிடிக்க வந்தார். நான் விலகி, வாசலில் அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நான் வரல. இன்னைக்கும் வரல, என்னைக்கும் வரல. இந்த அக்கா பாத்துட்டு நிக்கிறாங்க. கதவு தொறந்திருக்கு, ரெண்டு பேரும் இறங்கிப் போங்க."

என்னைப் பார்த்தார்கள். அக்காவைப் பார்த்தார்கள். அக்கா நகரவில்லை. இனி செத்தாலும் வராதே, எங்களுக்குத் தங்கையே இல்லை என்று பெரியண்ணன் கத்தினார். சரி என்றேன். போனார்கள்.

நாலு ஷூவும் ஒவ்வொரு மாடியாக இறங்குவதை நானும் அக்காவும் கேட்டுக்கொண்டு நின்றோம். கீழே கேட் சாத்துகிற சத்தமும் கேட்டது. அதன் பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார். போலீஸ் வந்தபோதுகூட அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவில்லையாம். இத்தனை வருஷத்தில் ஒரு உயிரிடமும் சொன்னதில்லையாம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் ஸ்பீக்கர்களைக் காட்டினேன். அக்கா பின் மூலை ஸ்பீக்கர் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு முதல்ல அவ விழுந்த சத்தம். அப்புறம் ரெண்டு பேர் படியிறங்கினாங்க, இப்ப இறங்கின மாதிரியே நிதானமா. அரை மணி கழிச்சு அதே ஷூ சத்தம் மேல ஏறிச்சு. ஏறி வந்து, 'ஐயோ தங்கச்சி, கூட்டிட்டுப் போக வர்றதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டியே'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவளோட ரெண்டு அண்ணனுங்க."