காய்ச்சல்காரனும் குல்ஃபியும்

இன்று மாலை எங்கள் தமிழ் நாடகக் குழுவுக்கு ஒத்திகை. எனக்குக் காய்ச்சல் என்று குரூப்பில் போட்டுவிட்டு, மகர்பட்டாவில் குல்ஃபி வாங்கப் போனேன்.

கடையிலிருந்து குல்ஃபியோடு திரும்பியவர் சுகந்தி. நாடகத்தில் என் மனைவி. ஊரிலிருந்து மாமியார் வந்திருப்பதால் வரமுடியாது என்று சொன்னவர்.

“காய்ச்சல் எப்படி இருக்கு?”

“மாமியார் சௌக்கியமா?”

சிரித்து முடிப்பதற்குள் இருவர் போனிலும் குரூப் மெசேஜ். எழுதியவர் இயக்குநர் மூர்த்தி அண்ணா. ஒத்திகைக்காகத் தேஹு ரோட்டிலிருந்து ஊரைக் கடந்து வருபவர்.

“யாருமே வரலப்பா. பரவால்ல, எல்லார் வசனத்தையும் நானே பேசிப் பாத்தேன். புருஷன் பொண்டாட்டி சண்டை சீன் ரொம்ப நல்லா வந்துச்சு.”

சுகந்தி கையில் குல்ஃபி உருகி வழிந்தது.

குழுவின் மற்ற நடிகர்களே, கீழே கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள்: நீங்கள் எந்தக் கடையில் நின்றீர்கள்?